சிபில் கார்த்திகேசு: சித்திரவதைக்கு முந்தைய 15 ஆண்டுகளை ஏன் யாரும் பேசுவதில்லை?

கிந்தாக்கரை (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வொரு செப்டம்பர் 3 அன்றும் சிபில் கார்த்திகேசுவின் பிறந்தநாள் என்று ஒரே பதிவு எல்லாக் குழுக்களிலும் வலம் வரும். மலாயாவை ஜப்பான் பிடித்திருந்த காலத்தில் ஜப்பான்காரன் நகத்தைப் பிடுங்கினான், மகளை நெருப்புக்கு மேலே தொங்கவிட்டான், அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை, வீரத்துக்காகப் பிரிட்டன் தரும் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. நடந்தது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்தபோது அவருக்கு 43 வயது. அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அந்தப் பதிவுகளில் தேடினால் 'தாதி' என்ற ஒரு சொல் மட்டும் கிடைக்கும்.

தெரிந்ததை எழுதுகிறேன், விட்டதை மற்றவர்கள் சேருங்கள். பிறந்தது 1899, சுமத்ராவில் உள்ள மேடான். அதனால்தான் முழுப்பெயர் சிபில் மேடான் டேலி. அப்பா ஐரிஷ் வழி யுரேசியர் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சம்), தோட்டத் துரை. அம்மா பிரெஞ்சு வழி யுரேசியர், மருத்துவச்சி. ஐந்தாவது பிள்ளை, ஒரே பெண். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி எடுத்துக்கொண்டவர், கான்டனீஸ் சரளமாகப் பேசுவார். 1919இல் டாக்டர் கார்த்திகேசுவைத் திருமணம் செய்தார். 1926 முதல் 1941 வரை ஈப்போ, பிரூஸ்டர் சாலை, எண் 141இல் இருவரும் சேர்ந்து கிளினிக் நடத்தினார்கள். இன்றைக்கு அது ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா, எத்தனையோ பேர் தினமும் கடந்து போகிற சாலை.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஈய லம்பத்தில் (சுரங்கத்தில்) வேலை செய்யும் சீனக் குடும்பங்கள், சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், மலேரியா. பிரசவ வலி எடுத்தால் வெள்ளைக்கார டாக்டரிடம் போக அந்தப் பெண்களுக்குக் கூச்சம், பயம், பாஷையும் தெரியாது. அந்த இடத்தில் தங்கள் பாஷையிலேயே பேசுகிற ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி இருந்தார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! பிறகு ஈப்போவுக்குப் பக்கத்தில் பாப்பான் என்ற ஊரில் நடந்தது எல்லாமே இந்த 15 ஆண்டின் தொடர்ச்சிதான் என்பது என் கருத்து. ஜப்பானை எதிர்த்துக் காட்டில் இருந்த போராளிகள் எதை நம்பி அவர் வீட்டுப் பின்கதவைத் தட்டினார்கள் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

தைப்பிங்மழை

நல்ல இழை அண்ணே. டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அவர் எங்கள் ஊர்க்காரர். சொந்தப் பெயர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. மதம் மாறியபின் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசு. பெண் கத்தோலிக்கர், மாப்பிள்ளை இந்து என்பதால் சிபில் வீட்டில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் மாப்பிள்ளையின் அப்பாவும் சம்மதித்து, 1919 ஜனவரி 7 அன்று கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்தில் இது சாதாரணக் காரியமா? ஒரு தமிழ் டாக்டரும் ஒரு யுரேசியத் தாதியும் கல்யாணம் செய்து, சீனர்கள் நிறைந்த ஊரில் ஒரே கிளினிக்கில் வேலை பார்த்திருக்கிறார்கள்.

பாப்பான் மக்கள் டாக்டருக்கு ஹக்கா பாஷையில் ஒரு செல்லப்பெயரே வைத்திருந்தார்கள், 'யூ லோய் டே' என்று. அவரும் பிடிபட்டார், அவரும் அடிபட்டார். அவரைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பழைய மிஸ்ஸி

நான் ஓய்வுபெற்ற தாதி, 30 வருஷத்துக்கு மேல் பிரசவப் பகுதியில் வேலை பார்த்தவள். இந்த இழையைப் பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மருத்துவச்சி வேலை என்றால் பிள்ளையைக் கையில் ஏந்துவது மட்டும்தான் என்று ஆண்கள் நினைக்கிறீர்கள். அந்தக் காலத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் முதலில் தண்ணீர் கொதிக்க வேண்டும், கத்தரிக்கோல் அந்தத் தண்ணீரில் கிடக்க வேண்டும், கொடியைக் கட்டுகிற நூலும் கூடவே கொதிக்க வேண்டும். தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியிலோ மூங்கில் சிம்பிலோ அறுத்தால் பிள்ளை ஏழெட்டு நாளில் ஜன்னி கண்டு, தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல் செத்துப்போகும். காரணம் புண் வழியாக உள்ளே போகிற டெட்டனஸ் கிருமி, ஆனால் வீட்டில் இருப்பவர்கள் காத்து கருப்பு என்பார்கள். இதையெல்லாம் மாமியார் முன்னால், பக்கத்து வீட்டுக் கிழவி முன்னால், யாரையும் புண்படுத்தாமல் எடுத்துச் சொல்லிப் புரியவைத்துவிட்டு, அதே நேரத்தில் தாயின் வயிற்றில் கை வைத்து நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், விடியும் வரைக்கும்கூட. அது முடிந்தபிறகு பத்து நாள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, புருஷன் குடிக்கிறானா, மூத்த பிள்ளைக்குச் சொறியா, எல்லாம் மருத்துவச்சிக்குத் தெரிந்துவிடும். சமூக சேவை என்று தனியாக ஒன்று அப்போது யாரும் வைத்திருக்கவில்லை, இதுதான் அது.

இன்னொன்று. சிபிலுக்கு முதல் பிள்ளை 1919 ஆகஸ்டில் பிறந்தது, ஆண் பிள்ளை. 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. மைக்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள், 1915இல் முதல் உலகப் போரின்போது கல்லிப்போலி போரில் இறந்துபோன அவருடைய அண்ணனின் பெயர். அந்தத் துக்கத்தில் இருந்தவருக்கு, அவருடைய அம்மா தான் பிரசவம் பார்த்த ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பிள்ளைதான் வில்லியம். பிறகு 1921இல் ஓல்கா, 1936இல் டான். தன் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இத்தனை ஆண்டுகள் மற்றவர்கள் பிள்ளைகளை ஏந்திக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு அவர் பட்ட அடியைவிட இதுதான் அதிகம் மனதைத் தைக்கிறது.

சரித்திர மாணவன்

எல்லாரும் உணர்ச்சியில் பேசுகிறீர்கள், சரி. ஆனால் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துப் போகிறோம். அவர் சிகிச்சை தந்தது மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்பு ராணுவத்துக்கு. அதன் தலைமை முழுக்க கம்யூனிஸ்ட் கட்சியின் கையில். அவர் இறந்தது 1948 ஜூன் 12. சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டது ஜூன் 16. நாலே நாள் இடைவெளி. உடனே கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்துவிட்டது. எந்தப் போராளிகளுக்குக் குண்டு எடுத்ததற்காக வெள்ளைக்காரன் பதக்கம் கொடுத்தானோ, அதே ஆட்கள் அடுத்த வாரம் அதே வெள்ளைக்காரனுக்குப் பயங்கரவாதிகள். இந்த நாட்டில் 12 ஆண்டு நீடித்த அந்தப் போர் எத்தனை குடும்பங்களை அழித்தது என்று தெரியும். அவர் பெயர் பெரிதாகப் பேசப்படாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவர் யாருக்கு உதவினார் என்பதை மறைத்துவிட்டு 'அன்பே உருவான தாதி' என்று மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

கிந்தாக்கரை

மாணவன் தம்பி, மறைக்கச் சொல்லவில்லை. நாள் கணக்கைச் சரியாக எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள், பலருக்கு இது தெரியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள். 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் ஜப்பான்காரன் இறங்கினான். அந்த மாதத்திலேயே ஈப்போவில் குண்டு விழுந்து டாக்டருக்குக் காலில் அடி. குடும்பம் பக்கத்தில் உள்ள பாப்பானுக்குப் போனது, ஊரை விட்ட சில நாளில் ஈப்போ விழுந்துவிட்டது. அப்புறம் டாக்டர் மறுபடி ஈப்போவில் கிளினிக்கைப் பார்க்க, பாப்பானில் எண் 74, மெயின் ஸ்ட்ரீட்டில் மருந்தகத்தைச் சிபில் தன் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே முதலில் வந்தது சாதாரண ஜனங்கள். அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு, காலில் ஆறாத புண், மலேரியா, கொயினா மாத்திரைக்குத் தட்டுப்பாடு. காட்டில் இருந்தவர்கள் அப்புறம்தான் வந்தார்கள், ராத்திரியில், பின்பக்கக் காய்கறித் தோட்டம் வழியாக. அவர்களும் அந்த ஊர்க்காரர்களின் அண்ணன் தம்பிகள்தானே. சிபில் பக்தியுள்ள கத்தோலிக்கர், கம்யூனிஸ்ட் இல்லை. காயத்தோடு வந்தவனிடம் கட்சி அட்டை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தோட்டத்துப் பேரன்

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஜப்பான் காலம் என்றால் இரண்டு கதை. ஒன்று சயாம் ரயில், ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை. பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள், காலராவிலும் பசியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், குடும்பத்துக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. இன்னொன்று நேதாஜி. சிபில் பிடிபட்ட அதே 1943இல்தான் சிங்கப்பூரில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படை அமைக்கப்பட்டது, அதன் தலைவி சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் லட்சுமி. ரப்பர் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் ஜப்பான் பக்கம் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்தார்கள். அதே நேரத்தில் ஈப்போவில் இன்னொரு மருத்துவப் பெண் ஜப்பானை எதிர்த்து வெள்ளைக்கார வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தமிழர்களான நாம் இருவரையும் எப்படி ஒரே நெஞ்சில் வைப்பது? என் தாத்தா தலைமுறைக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பதக்கம் என்றாலே கசப்பு. சிபிலைப் பற்றி நம் வீடுகளில் பேசாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தைப்பிங்மழை

பேரன் தம்பி, மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள். என் பார்வையில் இரண்டும் மோதவில்லை. தோட்டத்துப் பெண்கள் தங்களை அடிமையாக நடத்தியவனுக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தார்கள், அது நியாயம். சிபில் தன் கண் முன்னால் ஜனங்களைக் கொன்றுகொண்டிருந்தவனுக்கு எதிராக நின்றார், அதுவும் நியாயம். சயாம் ரயிலுக்கு உங்கள் தாத்தா காலத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதும் அதே ஜப்பான்காரன்தான். இரண்டு பேரையும் வைக்க நம் நெஞ்சில் இடம் இருக்கிறது.

சரித்திர மாணவன்

வானொலி விஷயத்தை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. சிற்றலை வானொலி வைத்திருப்பதே அப்போது உயிருக்கு ஆபத்து. இவர்கள் அதற்கு 'ஜோசஃபின்' என்று ஒரு சங்கேதப் பெயர் வைத்து, பிபிசி செய்தியைக் கேட்டு, காட்டில் இருந்தவர்களுக்கும் நம்பிக்கையானவர்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். ஜப்பான் எல்லாப் போரிலும் ஜெயித்துக்கொண்டே இருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உண்மையான நிலவரம் ஒரு சின்ன ஊருக்குள் வந்தது என்றால் அது மருந்துக்குச் சமம். நீங்கள் எல்லாரும் தாதி, தாதி என்கிறீர்கள், இது தாதி வேலை இல்லை, தெளிவான அரசியல் செயல். அந்தப் பெருமையை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

பாப்பான் போய்வந்தவன்

74ஆம் நம்பர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஈப்போ–லுமுட் சாலையிலிருந்து பூசிங் பக்கம் பிரிந்து போக வேண்டும். ஊர் கிட்டத்தட்டக் காலி. கடைவீடுகளின் கூரை இடிந்து, சுவரைப் பிளந்துகொண்டு மரம் வளர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஈயத்தால் கொழித்த ஊர் என்று நம்ப முடியாது. அந்த வரிசையில் இந்த ஒரு வீட்டை மட்டும் வரலாற்று ஆர்வலர் ஒருவர் தன் முயற்சியில் நினைவில்லமாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். முன்னறை சின்னது, நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். அங்கேதான் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது, வானொலியை ஒளித்துவைத்த இடம். நான் குனிந்து பார்த்தேன். ஒரு ஆள் உட்காரக்கூட இடம் போதாது. மேலே படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் குழிக்கு மேலேதான் கால் வைத்து நடக்க வேண்டும். அப்படி ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை ஒன்றையும் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினார்களோ!

மாணவன் சொல்வதும் சரி, மிஸ்ஸி அக்கா சொல்வதும் சரி. அந்த வீட்டில் இரண்டுக்கும் நடுவில் சுவரே இல்லை. முன்னறையில் மருந்து, ஐந்தாறு அடி தள்ளிப் படிக்கு அடியில் வானொலி.

அம்மாவின் மகள்

நான் கேட்க நினைப்பதை யாரும் கேட்கவில்லை. டான் அப்போது ஏழு வயதுகூட முழுதாக ஆகாத குழந்தை. சார்ஜன்ட் யோஷிமுரா அந்தக் குழந்தையைக் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பை மூட்டி, தாயைப் பார்க்கவைத்தான். சொல், இல்லை என்றால் கயிற்றை விடுவேன் என்று. நானும் ஒரு தாய். என்னால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது, அன்றைக்கே எல்லாப் பெயரையும் சொல்லியிருப்பேன். அவரை வணங்குகிறோம் என்று சொல்லும்போது அந்தக் குழந்தை பட்ட பாட்டையும் தியாகக் கணக்கில் எழுதிவிடுகிறோமே, அந்தக் குழந்தையை யார் கேட்டார்கள்? ஓல்கா, வில்லியம், எல்லாரும் இதற்குள் இழுக்கப்பட்டார்கள். எனக்கு இது நெருடுகிறது. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

கிந்தாக்கரை

நியாயமான கேள்வி சகோதரி. எனக்கும் இதற்குச் சுலபமான பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் பெயர்களைச் சொல்லியிருந்தால் பாப்பானில் எத்தனை வீடு எரிந்திருக்கும், அந்த வீடுகளில் எத்தனை டான்கள் இருந்திருப்பார்கள்? அவர்களில் சிலரை அவரே தன் கையில் ஏந்தியிருக்கவும் கூடும். அந்தக் கணத்தில் அவர் என்ன நினைத்தார் என்பதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிரிட்டனில் படுக்கையில் இருந்தபோது நினைவுகளைச் சொல்லி எழுதவைத்தார், அது அவர் இறந்தபின் 1954இல் 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற பெயரில் வந்தது. அவர் வாயால் கேட்க வேண்டும் என்றால் அதைத்தான் படிக்க வேண்டும்.

பழைய மிஸ்ஸி

அந்தப் படுக்கையைப் பற்றித் தாதியாக நான் சொல்கிறேன். முதுகெலும்பில் அடித்தே நடக்க முடியாமல் செய்துவிட்டார்கள். பூட்ஸ் காலால் தாடையில் உதைத்ததில் ஏற்பட்ட காயம் உள்ளேயே இருந்து, பிறகு சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் ஏறி, அதுதான் உயிரை எடுத்தது. 1943இல் பட்ட உதை 1948இல் கொன்றது. பத்து காஜா சிறையிலிருந்து 1945இல் வெளியே வந்தபோதே அவர் உடல் முடிந்துபோயிருந்தது. சிகிச்சைக்கு விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள், அங்கே இருந்தபோதுதான் ஜார்ஜ் பதக்கம். மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. ஸ்காட்லாந்தில் லானார்க் என்ற ஊரில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த வருஷம் உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து, செயின்ட் மைக்கேல் தேவாலயத்துக்குப் பக்கத்தில் உள்ள கத்தோலிக்க இடுகாட்டில் மறுபடி அடக்கம் செய்தார்கள். ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலையும் உண்டு.

மாணவன் தம்பிக்கு ஒரு வார்த்தை. வானொலி கேட்டது தாதி வேலை இல்லை என்றீர்கள். ஒரு வார்டில் நாலு ராத்திரி இருந்து பாருங்கள். வலியில் கிடக்கிறவனுக்கு மருந்து எவ்வளவு வேண்டுமோ, வீட்டில் என்ன நிலவரம், எப்போது போகலாம் என்ற செய்தியும் அவ்வளவு வேண்டும். அதை ஒளிக்காமல் சொல்கிற மிஸ்ஸியைத்தான் அவர்கள் தேடுவார்கள். அரசியல் என்று நீங்கள் பெயர் வையுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

சரித்திர மாணவன்

அக்கா, அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஆனாலும் அவசரகால விஷயத்தை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்பதில் மாறவில்லை. 1949இல் உடல் வந்தபோது நாட்டில் அவசரகாலச் சட்டம். அவர் கட்டுப்போட்ட ஆட்களில் யாராவது அந்த ஊர்வலத்தைப் பார்க்க வந்திருந்தால் பிடித்திருப்பார்கள்.

தோட்டத்துப் பேரன்

டாக்டரைப் பற்றித் தனி இழை ஒன்று தொடங்கலாமா? தைப்பிங் அண்ணன் எழுதினால் நன்றாக இருக்கும். தமிழில் அவரைப் பற்றி முழுதாக ஒரு கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை.

தைப்பிங்மழை

எழுதுகிறேன் தம்பி. தேவாலயப் பதிவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், கொஞ்சம் நாள் கொடுங்கள்.

பழைய மிஸ்ஸி

அதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்கு நாள் குறைவு. 1926க்கும் 1941க்கும் நடுவில் ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் பிறந்தவர்கள் இப்போது 80ஐத் தாண்டியவர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி யாராவது இருந்தால், சீனர், மலாய்க்காரர், தமிழர் யாராக இருந்தாலும், பிரூஸ்டர் சாலை கிளினிக் மிஸ்ஸியைப் பற்றி அவர்கள் அம்மா ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேளுங்கள். எந்த வீடு, எந்த லம்பம், யார் கூப்பிடப் போனது, காசு வாங்கினாரா இல்லையா, இப்படிச் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பெரிசாக 'அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் வயசானவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போனில் பதிவு செய்துகொண்டு, அவர்கள் சம்மதித்தால் இங்கே எழுதுங்கள், சம்மதிக்காவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் நாளைக்கு பூசிங்கில் எனக்குத் தெரிந்த இரண்டு பாட்டிகளைப் பார்க்கப் போகிறேன்.